மாதிரி எண் 38

ஹோபார்ட், மூனா புறநகர், சாரணர் கூடம்.
மலைமேல் பனி. உள்ளே ஒரே ஒரு ஹீட்டர்,
ஆறு மடக்கு மேசைகள், உப்பில்லாத பிஸ்கட்,
கொட்டுவதற்கு ஒரு நீல வாளி.
எதிரே டெஸ்மண்ட் பிராட்லி,
ஓய்வுபெற்ற படகுத் தச்சர்,
பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுகிறவர்.
நாக்கு கெட்டுவிடும் என்றேன்.
அது கெட்டு நாற்பது வருஷமாச்சு என்றார்.

மூடியில் இருந்த பெயரைக்
கறுப்பு மையால் அழித்திருந்தார்கள்.
யார் வீட்டுக் கராஜில்,
எந்த வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில்
ஆறு வாரம் குமுறிக் கிடந்ததோ.
பெல்ஜிய முறை, பொன்னிறம், வலுவானது;
போதாதென்று ஹாப்ஸ் வேறு அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.
இந்த வகைக்குப் பிசாசின் பெயர் வைப்பது வழக்கம்.
முதல் வாய் அவ்வளவு சாதுவாக இருக்கும்.

ஊற்றியதும் நுரை
அடித்த முட்டை வெள்ளையாய் எழுந்தது.
இறங்கும்போது கண்ணாடியில் வரிவரியாகத் தடம்,
வற்றும் குளம் கரையில் விட்டுப்போவது மாதிரி.
தோற்றம்: மூன்றுக்கு மூன்று.

உள்ளங்கையால் மூடித் திறந்தேன்.
பேரிக்காய். வெள்ளை மிளகு.
கிராம்பு, ஒன்றே ஒன்று.
அடியில் ஏதோ பச்சை.
டெஸ்மண்ட் எழுதினார்: எலுமிச்சை, வெட்டிய புல்.
எலுமிச்சை இல்லை அது.
கண்ணை மூடித் தேடினேன்.
நாரத்தை இலை.
நடு நரம்பைக் கிள்ளி எறிந்த பிறகும்
விரலில் மிஞ்சுகிற அது.
எழுதினேன். அடித்தேன்.
படிக்கப் போகிறவர் அந்த இலையைக் கண்டிருக்க மாட்டார்.
'சிட்ரஸ்' என்று போட்டேன்,
எந்த ஊர் என்று கேட்கிறவர்களிடம்
தென்னிந்தியா என்று சொல்லி முடித்துக்கொள்வது போல.

இனிப்பு, வருகிறேன் என்று சொல்லிவிட்டு
வராமலே இருந்துவிட்டது.
கசப்பு வந்தது.
பாகற்காய் இல்லை, வேம்பும் இல்லை,
திராட்சை விதையைத் தெரியாமல் கடித்துவிட்ட கசப்பு.
பல்லிடுக்கில் உட்கார்ந்துகொண்டு
எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.
எட்டரை சதவீதம் எங்கே என்று தொண்டையில் தேடினேன்;
காதுமடலில் இருந்தது.

நான் நாற்பத்தொன்று. அவர் முப்பத்திரண்டு.
ஏழுக்கு மேல் இடைவெளி கூடாது.

ஹாப்ஸ் ஈஸ்டை மிதிக்கிறது என்றார்.
மிதிக்கவில்லை, ஒரே பெஞ்சில் இரண்டு பேர்,
தோள் இடிக்கிறது என்றேன்.
அப்படியானால் பெஞ்ச் சின்னது.
படகு கட்டியவரிடம்
பலகை அளவைப் பற்றி என்ன வாதாடுவது?
இன்னொரு வாய் குடித்தார்.
ஜன்னலில் மலையைப் பார்த்தார், வெகுநேரம்.
ரப்பரால் அழித்து முப்பத்தைந்து என்று போட்டார்.
நான் ஒன்று இறங்கினேன்.

கடைசிக் கட்டம்: மொத்தக் கருத்து, இரண்டு வரிக்குள்.
தெளிந்த கள்ளுக்கு நம்மிடம் தேறல் என்று ஒரு பழைய சொல் உண்டு.
தேறுவதென்றால் தெளிவது.
பரீட்சையில் பாஸாவதும் அதுதான்,
காய்ச்சலிலிருந்து எழுவதும்,
அழுது முடித்து முகம் கழுவிக்கொள்வதும்.
தேறியது என்று ஒரே சொல்லில் வேலை முடிந்திருக்கும்.
ஆங்கிலத்தில் எழுதினேன்:
நன்று. இன்னும் இரண்டு வாரம் குளிரில் வைத்திருக்கலாம்.

டீகன் முப்பத்தொன்பதைக் கொண்டுவந்து வைத்தாள்.
மிச்சத்தை வாளியில் கொட்ட வேண்டும், அதுதான் முறை.
முப்பத்தேழு பேரின் பின்னிரவுகள்
அங்கே ஏற்கெனவே பழுப்பாகக் கலந்து கிடந்தன.
கோப்பையைக் கவிழ்த்தேன்.
புட்டியில் இன்னும் இரண்டு விரல்கடை இருந்தது.
அதை மெதுவாக
மேசைக்கடியில், என் பூட்ஸ் ஓரமாக வைத்தேன்.

டெஸ்மண்ட் பார்த்துவிட்டார்.
பென்சிலை நாக்கில் தொட்டு
முப்பத்தொன்பது என்று தாளின் தலையில் எழுதிக்கொண்டே
இன்னொரு கையால்
தன் கோப்பையைக் கீழே நீட்டினார்.